கூட்டுக் குப்பை ஆலை கலைந்தால், உங்கள் குப்பை எங்கே போகும்?

காலை ஆறரை மணி. தெருமுனையில் பேட்டரி வண்டியின் பாட்டு கேட்கிறது. பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலக் கூடையில் மக்காத குப்பை. தூய்மைப் பணியாளர் அக்கா வாங்கிக் கொட்டிக்கொண்டு போய்விடுகிறார். நாமும் கதவைச் சாத்திவிட்டு போனைக் கையில் எடுத்துவிடுகிறோம். வண்டி வரலைன்னா புகார் செய்ய ஆப் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி கடைசியில் எந்த ஊருக்குப் போகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டுரைக்காகப் படிக்க ஆரம்பிக்கும் வரை எனக்கும் தெரியாது.

பல ஊர்களில் குப்பை ஊர் எல்லையைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு மூன்று நகரங்கள் சேர்ந்து ஒரு ஆலை, ஒரு கிடங்கு, ஒரு கூட்டு அமைப்பு என்று வைத்துக்கொள்வது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். அது எப்படி உருவாகிறது என்பது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூட்டு கலையும்போது என்ன ஆகிறது என்பதுதான் இந்த மாதப் பாடம். இதற்கு நான் எடுத்துக்கொண்டது ஜப்பானில் நடந்த ஒரு கதை. தோக்கியோவுக்கு மேற்கே இருக்கும் கொகனெய் என்ற ஊர். அனிமே பார்ப்பவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன்: கிப்லி ஸ்டூடியோ இருப்பது இந்த ஊரில்தான். பூங்கா, ஆற்றங்கரை, அமைதியான தெருக்கள் என்று ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மக்கள் வாழும் நகரம். இந்த ஊருக்கு ஒரு கட்டத்தில் தன் குப்பையைப் போட இடமே இல்லாமல் போனது. மேயர் ஒருவர் பதவியையே விட வேண்டி வந்தது.

மூன்று ஊர், ஒரு உலை

ஜப்பானில் வீட்டுக் குப்பை என்பது அந்தந்த நகராட்சியின் பொறுப்பு. 1970-ல் வந்த கழிவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அங்கே நிலம் குறைவு என்பதால் நம்மைப் போலக் கிடங்கில் கொட்டுவது குறைவு, பெரும்பகுதியை எரித்துவிடுகிறார்கள். எரிப்பதற்குப் பெரிய உலை வேண்டும், புகையை வடிகட்டும் சாதனம் வேண்டும், இரவு பகல் ஆள் வேண்டும். சின்ன நகரங்கள் தனித்தனியாக இதைக் கட்டி நடத்தினால் கட்டுப்படியாகாது. அதனால் அங்கே உள்ளாட்சிச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டோ அதற்கு மேலோ ஊர்கள் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்தலாம். தீயணைப்பு, மருத்துவமனை, சுடுகாடு, குப்பை என்று எதற்கு வேண்டுமானாலும். நாடு முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன.

இதை வெறும் ஒப்பந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கூட்டு அமைப்பு சட்டப்படி தனி உள்ளாட்சி. அதற்கென்று ஒரு தலைவர், உறுப்பு நகரங்களின் மன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்த ஒரு சின்ன மன்றம், தனி பட்ஜெட், தனி ஊழியர்கள், அதன் பெயரிலேயே நிலம், அதன் பெயரிலேயே கடன். ஒவ்வொரு ஊரும் வருஷா வருஷம் பங்குத் தொகை கட்டும். மக்கள் நேரடியாக வரி கட்டுவது தங்கள் நகராட்சிக்குத்தான்; அதிலிருந்து ஒரு பகுதி இந்த அமைப்புக்குப் போகிறது. அதனால் இப்படி ஒரு அமைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. குப்பை போய்க்கொண்டிருக்கும் வரை யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள், இல்லையா?

கொகனெய், சோஃபு, ஃபுச்சூ என்ற மூன்று பக்கத்து ஊர்கள் 1950-களின் கடைசியில் இப்படித்தான் சேர்ந்தன. மூன்று ஊர்களின் எல்லையும் சந்திக்கும் நிமைபாஷி என்ற இடத்தில் உலை கட்டினார்கள். நியாயமான யோசனைதான். எந்த ஒரு ஊரும் 'உங்க குப்பையை எங்க தலையில கட்டிட்டீங்க' என்று சொல்ல முடியாது. சுமார் ஐம்பது வருஷம் அந்தப் புகைபோக்கி மூன்று ஊருக்கும் உழைத்தது.

இந்த 'எங்க தலையில' என்ற பேச்சு தோக்கியோவில் சாதாரண விஷயம் இல்லை. 1971-ல் அப்போதைய ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். நகரம் முழுவதன் குப்பையையும் லாரி லாரியாக வாங்கி நொந்துபோயிருந்த கோட்டோ பகுதி மக்கள், தங்கள் பகுதியில் உலை வேண்டாம் என்று எதிர்த்த சுகினாமி பகுதியின் லாரிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். உன் குப்பையை உன் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொள் என்ற எண்ணம் அதற்குப் பிறகு அந்த ஊர்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கொகனெய் கதையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

கலைப்பது சுலபம்

உலைக்கு வயசாகிவிட்டது. பழுதுபார்த்து இனி தாங்காது, புதிதாகக் கட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் மூன்று ஊர்களின் கணக்கும் மூன்று விதமானது. சோஃபு, இன்னொரு பக்கத்து நகரமான மிதாகாவோடு சேர்ந்து புது ஆலை கட்ட முடிவெடுத்தது. ஃபுச்சூவுக்கு வேறொரு கூட்டு அமைப்பில் இடம் இருந்தது. கொகனெய்க்கு மட்டும் இரண்டும் இல்லை. 2006-ல் அந்த நகரம் குப்பை நெருக்கடி நிலை என்று அறிவித்தது. 2007 மார்ச்சில் நிமைபாஷி உலை அணைந்தது. 2010 மார்ச் மாதக் கடைசியில் கூட்டு அமைப்பும் கலைந்தது.

சட்டப்படி கலைப்பது எப்படி என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உறுப்பு நகரங்கள் கூடிப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நகர மன்றமும் தீர்மானம் போட வேண்டும். மாகாண ஆளுநருக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் ஊர்களே பேசி முடிக்க வேண்டும். அவ்வளவுதான். நீதிமன்றம் போக வேண்டாம், பொது வாக்கெடுப்பு வேண்டாம். கூட்டு அமைப்பிடம் இருந்த நிலம், கட்டடம், ஊழியர்கள், கடன், ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் பேச்சுவார்த்தையில் பதில் கிடைத்துவிடும்.

ஒன்றுக்கு மட்டும் கிடைக்காது. அடுத்த நாள் காலை வரும் குப்பை. அமைப்பு கலைந்தாலும் சட்டப் பொறுப்பு கலைவதில்லை. அது அப்படியே அந்தந்த நகராட்சியின் வாசலுக்குத் திரும்பி வந்துவிடும். சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம், உலை ஒன்றை மூன்றாகப் பிரிக்க முடியாது. நிமைபாஷி நிலத்தைப் பாருங்கள். மூன்று ஊர் எல்லையிலும் கிடக்கும் நிலம். சேர்ந்திருந்தபோது அதுதான் பலம். பிரிந்த பிறகு மூன்று துண்டு. ஒரு ஊர் தன் துண்டில் மட்டும் பெரிய ஆலை கட்ட முடியாது, மற்ற இரண்டு ஊர்களின் சம்மதம் வேண்டும். கொகனெய் அதே இடத்தில் புது உலை கட்டலாம் என்று முயற்சி செய்து பார்த்தது. சொந்தமாக வேறு ஏற்பாடு செய்துகொண்ட ஊர்களுக்கு, தங்கள் எல்லையில் மறுபடி ஒரு புகைபோக்கி வருவதில் என்ன ஆர்வம் இருக்கும்? நடக்கவில்லை.

அடுத்த முயற்சி, பக்கத்து நகரமான கொகுபுன்ஜியோடு புதுக் கூட்டு. இடத்தைக் கொகனெய் காட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. நெருக்கமாக வீடுகள் நிறைந்த ஊரில் எந்தத் தெருவைக் காட்டினாலும் எதிர்ப்பு வரும். நம்ம ஊரில் மட்டும் வராதா என்ன?

அக்கம்பக்கத்து உலைகள்

அப்போ நடுவில் அத்தனை வருஷமும் குப்பை எங்கே போனது? பக்கத்து ஊர்களுக்குத்தான். தோக்கியோவின் மேற்குப் பகுதியை தாமா என்று சொல்வார்கள். அந்தப் பகுதி நகரங்கள் ஒருவருக்கொருவர் உதவ ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஒரு ஊரின் உலை பழுதானால் மற்றவர்கள் அந்தக் குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு எரித்துத் தருவார்கள். அவசரத்துக்கு வைத்த ஏற்பாடு அது. கொகனெய்க்கு அதுவே நிரந்தர வழி ஆகிப்போனது. ஒவ்வொரு வருஷமும் ஊர் ஊராகப் போய், இந்த வருஷம் எத்தனை டன் வாங்கிக்கொள்வீர்கள் என்று கேட்க வேண்டிய நிலை. சும்மா இல்லை, டன்னுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான். ஆனால் உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வெளியூர் மக்களுக்குக் காசு மட்டும் போதாது. நம்ம வீட்டுப் பக்கம் ஏன் இன்னொரு ஊர் லாரி வருது என்ற கேள்விக்கு அவர்களின் நகராட்சிதான் பதில் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டும். அந்தச் சமாதானத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது.

2011 ஏப்ரலில் கொகனெய்யில் மேயர் தேர்தல் நடந்தது. சாத்தோ கசுவோ என்பவர் ஜெயித்தார். குப்பையை வெளியூருக்கு அனுப்புவதில் நான்கு வருஷத்தில் 200 கோடி யென் வீண் செலவு ஆகியிருக்கிறது என்பது அவருடைய பிரசாரத்தில் ஒரு முக்கிய விஷயம். உள்ளூர் வாக்காளர் காதில் அது நியாயமான கணக்கு. நம் வரிப்பணம் ஏன் அடுத்த ஊருக்குப் போகணும்? ஆனால் அதே வாக்கியம் அடுத்த ஊர்க்காரர் காதில் விழும்போது வேறு அர்த்தம் ஆகிவிடுகிறது. எங்க ஜனங்களைச் சமாதானப்படுத்தி உங்க குப்பையை எரிச்சுத் தர்றோம், அதை வீண் செலவுன்னு சொல்றீங்களா என்ற கோபம். பல நகரங்கள் புதிதாகக் குப்பை வாங்கத் தயங்கின. மேயர் மன்னிப்புக் கேட்டார், பேசிப் பார்த்தார், சரியாகவில்லை. இலையுதிர் காலத்தில், இன்னும் கொஞ்ச நாளில் குப்பை எடுப்பதே நின்றுபோகும் என்ற நிலை வந்தது. நவம்பரில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். பதவிக்கு வந்து ஏழு மாதம்தான். டிசம்பரில் நடந்த தேர்தலில் முந்தைய மேயரான இனாபா தகாஹிகோ திரும்பி வந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மேயர் மேல் கொஞ்சம் பரிதாபம்தான் வந்தது. அவர் சொன்ன கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. சொந்த உலை இருந்திருந்தால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி மிச்சம் ஆகியிருக்கலாம். ஆனால் சொந்த உலை இல்லாத ஊருக்கு அது வீண் செலவும் இல்லை, அன்றைக்கு இருந்த ஒரே வழி. செலவைக் கேள்வி கேட்பது மக்கள் பிரதிநிதியின் வேலை. எந்தச் செலவு போனால் என்ன நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும், அவ்வளவே.

மக்கள் என்ன செய்தார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொகனெய் 2005-லேயே வீட்டுக் குப்பைக்குக் காசு என்ற முறையைக் கொண்டுவந்திருந்தது. நகராட்சி முத்திரை போட்ட பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அதில்தான் குப்பை போட வேண்டும். பெரிய பை என்றால் விலை அதிகம். உலை போன பிறகு பிரித்துப் போடுவது இன்னும் கண்டிப்பானது. சமையல் கழிவைத் தண்ணீர் வடியப் பிழிந்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்னார்கள். ஈரம் போனால் எடை குறையும், எரிக்கவும் சுலபம். வீட்டிலேயே உரமாக்கும் கருவி வாங்க நகராட்சி மானியம் கொடுத்தது. கெஞ்சிக் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு டன்னையும் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம். ஜப்பானில் தலைக்கு மிகக் குறைவாகக் குப்பை போடும் நகரங்களின் பட்டியலில் கொகனெய் வருஷா வருஷம் முன்வரிசையில் வர ஆரம்பித்தது.

கடைசியில் வழி திறந்தது ஹினோ என்ற ஊரில். அங்கேயும் பழைய உலையை மாற்ற வேண்டிய நேரம். ஹினோ, கொகுபுன்ஜி, கொகனெய் மூன்றும் சேர்ந்து 2015-ல் ஒரு புதுக் கூட்டு அமைப்பை ஏற்படுத்தின. ஹினோவில் ஒரு நாளைக்கு 228 டன் எரிக்கும் ஆலை கட்டி, 2020 ஏப்ரலில் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஹினோ மக்களில் ஒரு பகுதியினர் கடைசி வரை இதை எதிர்த்தார்கள். வேறு இரண்டு ஊர்களின் குப்பை தங்கள் தெருவுக்கு வருவதை யார்தான் விரும்புவார்கள்? நிமைபாஷி அணைந்ததிலிருந்து இந்த ஆலை ஓடும் வரை 13 வருஷம். பழைய கூட்டாளியான சோஃபு மிதாகாவோடு கட்டிய ஆலை 2013-ல்தான் இயங்க ஆரம்பித்தது. அதுவரை அதுவும் வெளி ஊர் உலைகளை நம்பித்தான் இருந்தது. ஆனால் சோஃபுவுக்குப் போகும் இடம் எது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. வித்தியாசம் அதுதான்.

ஒரு விஷயத்தை விட்டுவிடக்கூடாது. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலுக்கு தாமா பகுதியில் இன்னொரு பெரிய கூட்டு அமைப்பு இருக்கிறது. 25 நகரங்களும் ஒரு சிற்றூரும் அதில் உறுப்பினர். 2006 முதல் அந்தச் சாம்பலைக் கிடங்கில் புதைக்காமல் சிமெண்ட் ஆக்குகிறார்கள். உலை விஷயத்தில் பிரிந்துபோன மூன்று ஊர்களும் சாம்பல் விஷயத்தில் இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஒருவர் விலகினால் மற்றவருக்கு என்ன?

கொகனெய் தனியாக விடப்பட்ட ஊர். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பெரிய ஊர் விலகிப்போய், சின்ன ஊர்கள் ஆலையோடு மாட்டிக்கொள்வது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அ, ஆ, இ என்று மூன்று ஊர்கள். ஆலைக்கு ஒரு நாளைக்கு வருவது 100 டன். அ ஊரிலிருந்து 50, ஆ ஊரிலிருந்து 30, இ ஊரிலிருந்து 20. ஆலையை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஆகும் செலவு, அதாவது கடன் தவணை, காப்பீடு, நிரந்தர ஊழியர் சம்பளம், வருஷத்துக்கு 6 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 36,500 டன். டன்னுக்கு சுமார் 1,644 ரூபாய் விழுகிறது. இப்போது அ ஊர் விலகிவிடுகிறது. குப்பை பாதியாகிவிட்டது, 18,250 டன். ஆனால் அந்த 6 கோடி குறையவில்லை. டன்னுக்கு 3,288 ரூபாய். ஆ ஊரும் இ ஊரும் ஒரு கிலோகூட அதிகமாகக் குப்பை போடவில்லை. அவர்கள் பங்கு மட்டும் இரட்டிப்பு. அந்தப் பணம் கடைசியில் சொத்து வரியிலோ குப்பைக் கட்டணத்திலோதான் வந்து நிற்கும்.

இதனால்தான் விலகுவதற்கு விதி வேண்டும். ஜப்பானில் 2012-ல் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு ஊர் கூட்டு அமைப்பிலிருந்து விலக நினைத்தால், தன் மன்றத்தில் தீர்மானம் போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்பே மற்ற உறுப்பு ஊர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு முன்பு எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் விலக முடியும் என்ற நிலை. இரண்டு வருஷ அவகாசம் என்பது மற்றவர்களுக்கு வேறு வழி தேட. புது உலை கட்ட அது போதாது, உண்மைதான். ஆனால் காலையில் பேப்பரைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

கலைப்பு எல்லாமே இப்படி வலியோடு முடிவதில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 1986 முதல் ஒன்பது மாவட்டங்களுக்குப் பொதுவாக ஒரு கழிவு ஆணையம் இருந்தது. பத்தாவதான விகன் மட்டும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. 2009-ல் தனியாரோடு போட்ட 25 வருஷ ஒப்பந்தத்தை 2017-ல் பாதியிலேயே முறித்தார்கள். 2018 ஏப்ரலில் ஆணையமே கலைக்கப்பட்டு, அதன் வேலை முழுக்க மான்செஸ்டர் பகுதியின் ஒருங்கிணைந்த ஆட்சி அமைப்புக்குப் போனது. பெயர்ப் பலகை மாறியது. ஆலைகளும் கிடங்குகளும் பொறுப்பும் ஒரே கைக்கு மொத்தமாக மாறின. நிமைபாஷியில் எல்லாம் மூன்றாகச் சிதறின. இரண்டுக்கும் பெயர் கலைப்பு என்பதுதான். எந்த ஊரிலாவது அந்தச் செய்தியைப் படித்தால், முதலில் எந்த வகை என்று பாருங்கள்.

நம்ம பக்கம் வருவோம்

நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் ஊர்கள் செலவைப் பங்கிட்டு ஒரே பொதுக் கிடங்கு வைத்துக்கொள்ள வழி சொன்னது. தாம்பரம், பல்லாவரம் இரண்டும் தனி நகராட்சிகளாக இருந்தபோது இரண்டின் குப்பையும் வேங்கடமங்கலத்துக்குப் போனது. 2021-ல் இரண்டும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அதாவது கூட்டாளிகள் ஒரே ஊராகிவிட்டார்கள். இதுவும் ஒரு வகையில் கூட்டின் முடிவுதான், ஆனால் பிரிவினை இல்லை. நகராட்சிகள் மாநகராட்சி ஆகும்போதும், ஊராட்சிகள் பக்கத்து நகரத்தோடு சேரும்போதும் உங்கள் ஊர்க் குப்பையின் முகவரி மாற வாய்ப்பு உண்டு. வார்டு எண் மாறுவதைக் கவனிக்கும் நாம் இதைக் கவனிப்பதில்லை.

என் அம்மா ஊரில் பார்த்த ஒன்று. பேர் வேண்டாம். இரண்டு ஊர்களும் சேர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு கிடங்கு நிரம்பிவிட்டது. பெரிய ஊருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. சின்ன ஊர் வண்டிகள் கொஞ்ச நாள் ஏரிக்கரையில் கொட்டிக்கொண்டிருந்தன. பெரிய பேச்சுவார்த்தை, தீர்மானம் எதுவும் நடந்ததாக யாருக்கும் தெரியவில்லை. 'திடீர்னு இங்க கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க'ன்னு மட்டும் பாட்டி சொல்லும். திடீர் என்று எதுவும் நடப்பதில்லை. யாரோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு காகிதத்தில் கூட்டு முடிந்துபோயிருக்கும். நமக்குத் தெரிந்தது கடைசியில்தான்.

அந்தக் காகிதத்தை நீங்கள் முன்கூட்டியே கேட்க முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. மனு நீளமாக இருக்க வேண்டாம், கேள்வி துல்லியமாக இருந்தால் போதும். 'குப்பைப் பிரச்சினை பற்றி விளக்கவும்' என்று எழுதினால் ஒரு பத்தி பொதுப்படையாக வரும். ஆவணம் கேளுங்கள். எங்கள் ஊர்க் குப்பை எந்த இடத்தில் பதப்படுத்தப்படுகிறது, அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? அந்த இடத்தை வேறு ஊரோடு பகிர்ந்துகொள்கிறோமா, அப்படியானால் ஒப்பந்தத்தின் நகல் தரவும். அந்த ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? ஒரு தரப்பு விலகினால் எத்தனை மாத அறிவிப்பு என்று எந்தப் பிரிவில் இருக்கிறது? பங்குத் தொகை மக்கள் தொகைப்படியா, எடைப்படியா? எடைப்படி என்றால் கடந்த மூன்று ஆண்டு எடைப் பதிவுகளின் நகல் தரவும்.

எடைப்படியா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மக்கள் தொகைப்படி பங்கு என்றால், நீங்கள் வீட்டில் உரம் போட்டுக் குப்பையைக் குறைத்தாலும் ஊர் கட்டும் தொகை குறையாது. எடைப்படி என்றால் குறையும். கொகனெய் மக்கள் சமையல் கழிவைப் பிழிந்து போட்டதில் டன் கணக்கில் காசு மிச்சம் ஆனது இதனால்தான்.

பதில் வந்ததும் முதலில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். விலகல், முடிவு, சொத்துப் பகிர்வு பற்றிய பிரிவுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூடிய பிறகு பழைய கிடங்கைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல வருஷக் குப்பை மலையைப் பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கும் வேலையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது சின்னச் செலவு இல்லை. அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பே கேட்டால் அவருக்கும் வசதி.